தாழ்ந்த நிலத்தில் ‘பயோ டேங்க்’ போடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த 11 வருடமும் டாய்லெட் தண்ணீர் எங்கே போகிறது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அங்கே நகரத்தின் பழைய கழிவுக் குழாய் இருக்கிறது, முகத்துவாரம் பக்கம் கடலுக்குக் கொண்டுபோய்விடும். வெல்லம்பிட்டியில் வீடு வாங்கிய பிறகுதான் எல்லாம் நம் தலையில். 2016 மே வெள்ளத்தில் மூழ்கிய வீதி, ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். பழைய மலக்குழி வெடித்துப்போய் இருந்ததால் புதிதாக ஒன்று போட முடிவு செய்தோம்.

விற்க வந்தவர் ‘பயோ டேங்க்’ என்று பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் காட்டினார். 3000 லீற்றர், உள்ளே காற்று ஊதும் ஒரு சின்ன ஏர் பம்ப். “பவுசர் என்ற பேச்சே வராது சேர், 20 வருடத்துக்குத் தொடத் தேவையில்லை” என்றார். பவுசர் என்றால் மலக்குழியை உறிஞ்சி எடுக்கும் லொறி. பூட்டிக்கொடுக்கும் கூலியோடு 2 லட்சத்து 85 ஆயிரம் ரூபா. பெப்ரவரி வெயிலில் ஒரே நாளில் குழி வெட்டி, மணல் பரப்பி, தொட்டியை இறக்கி மூடிவிட்டுப் போனார்கள். கீழே கொங்கிறீட் போடவில்லை, கட்டிவைக்கவும் இல்லை. எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை.

மே மாத மழை தொடங்கியதும் கொமட் தண்ணீர் இறங்க மறுத்தது. தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர் மண்ணில் ஊறிப்போக அவர்கள் வெட்டிய குழியில் நிலத்தடி நீரே நிரம்பி நின்றால் வேறெங்கே போகும்? போன் செய்தேன். “பவுசர் கூப்பிட்டு முழுவதையும் உறிஞ்சி எடுங்கள், சரியாகிவிடும்” என்றார்கள், பவுசரே வேண்டாம் என்ற அதே ஆட்கள். எடுத்தோம். அன்றிரவு விடிய விடிய மழை. காலையில் பார்த்தால் நிலத்தோடு நிலமாக இருந்த பச்சை மூடி முழங்கால் உயரத்துக்கு வந்து நிற்கிறது, பக்கத்தில் அம்மா நட்ட கறிவேப்பிலைக் கன்று வேரோடு சாய்ந்து கிடக்கிறது, வீட்டிலிருந்து போகும் குழாயின் முழங்கை மூட்டு உடைந்து உள்ளே இருந்ததெல்லாம் முற்றத்தில்.

காரணத்தைப் பிறகு ஒரு மேசன் சொன்னார். வெற்றுத் தொட்டி ஓடம் மாதிரி. சுற்றி நீர்மட்டம் ஏறினால் 3000 லீற்றர் தொட்டியை ஏறக்குறைய 3 தொன் பாரம் மேலே தள்ளும். அதைத் தாங்க அடியில் கொங்கிறீட் பலகை போட்டு அதோடு தொட்டியைப் பட்டியால் இறுக்க வேண்டும், மண் போட்டு மூடும்போது உள்ளே தண்ணீர் நிரப்பிக்கொண்டே மூட வேண்டும், மழைக்காலத்தில் முழுதாக வெறுமையாக்கவே கூடாது. ஏர் பம்ப் விஷயமும் அப்படித்தான்: கரண்ட் நீண்ட நேரம் நின்றால் காற்றில்லாமல் உள்ளே இருக்கும் நல்ல பக்டீரியா செத்துப்போகும், அப்புறம் நாற்றம்தான். எந்தத் தொட்டியானாலும் அடியில் சேறு சேரும், சில வருடத்துக்கு ஒரு தடவை எடுத்தே ஆக வேண்டும்.

விற்றவர்களோ “முழுதாக உறிஞ்ச விட்டது உங்கள் பிழை, வாரண்டி இல்லை” என்று கையை விரித்துவிட்டார்கள். அவர்களே சொன்னார்கள் என்பதற்கு என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. தயவுசெய்து எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். எஸ்.எல்.எஸ். 745 என்று மலக்குழிக்கே ஒரு இலங்கைத் தரம் இருக்கிறது, அதன்படி செய்வீர்களா, வெளியேறும் தண்ணீர் மழைக்காலத்தில் எங்கே போகும் என்று காசு கொடுக்கும் முன் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். நான் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிட்டிருக்கிறேன்.

ஒன்பது நாள் அம்மா, முழங்கால் வலியோடு, குடை பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு ராத்தாவின் டாய்லெட்டுக்குப் போய்வந்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த மேசன் கொங்கிறீட் பலகை போடுகிறார். படிப்படியாகப் படம் எடுத்து வைக்கிறேன், இந்தப் பக்கம் வீடு கட்டுபவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.