எலி கேக்கா, எலிக்கூண்டா? நாயும் பூனையும் வளர்ப்பவர்களுக்கு

எங்கள் வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் உண்டு. மழைக்காலம் வந்தால் எலியும் வந்துவிடும். கடையில் எலி மருந்து கேட்டால் முதலில் எடுத்துத் தருவது விஷம் கலந்த எலி கேக்தான். விலையும் கம்மி, வேலையும் கம்மி. அப்படியிருந்தும் நாங்கள் வாங்கியது கம்பிக் கூண்டு.

பசை அட்டையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எலி மட்டுமல்ல, அணிலும் பல்லியும் பூனைக்குட்டியும் அதில் மாட்டும். விலங்கு நல வாரியமே அதற்கு எதிராக அறிவுறுத்தியிருக்கிறது. எலியைக் கொல்லும் மஞ்சள் பாஸ்பரஸ் விஷப் பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்தாயிற்று. சோற்றிலோ மாவிலோ பிசைந்து வைக்கும் கறுப்புப் பொடி சிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். அந்த விஷத்தை முறிக்கும் மருந்தே கிடையாது. நாய் எடுக்கும் வாந்தியிலிருந்து வரும் வாயு பக்கத்தில் இருக்கும் மனிதரையும் பாதிக்கும். வளர்ப்புப் பிராணி இருக்கும் வீட்டுக்குள் அது வரவே கூடாது.

மிச்சம் கேக்கும் கூண்டும்தான்.

கேக்கில் இருப்பது பெரும்பாலும் ப்ரோமடையலோன், 0.005 சதவீதம். வைட்டமின் கே-யை உடம்பு திரும்பப் பயன்படுத்த விடாமல் தடுத்து, ரத்தம் உறைவதை நிறுத்துகிற மருந்து. "நாய்க்கு எட்டாமல் பரண்மேல் வைத்தால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. நான் கேக்கை விட்டதற்குக் காரணமே இதுதான். வைத்த இடத்திலேயே அது இருக்காது. எலிக்குத் தீனியை இழுத்துப்போய்ச் சேர்த்துவைக்கும் பழக்கம் உண்டு. பரண்மேல் வைத்த துண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கும், செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் பச்சைத் தூளாக உதிர்ந்திருக்கும். தானியமும் எண்ணெயும் சேர்த்துச் செய்தது என்பதால் நாய் மோப்பம் பிடித்துப் போய்த் தின்னும். போதாததற்கு, தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அந்த எலிதான் பூனைக்குச் சுலபமான வேட்டை. எலியின் உடம்பில் இருக்கும் மருந்து பூனைக்குள்ளும் போகும். கூரையில் வந்து உட்காரும் ஆந்தைக்கும் இதே கதிதான்.

நாய் தின்றாலும் அன்றைக்கே தெரியாது. சோர்வு, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், மூச்சிரைப்பு எல்லாம் மூன்று நாள், ஐந்து நாள் கழித்துத்தான் வரும். தின்றதைப் பார்த்த உடனே தூக்கிக்கொண்டு ஓடினால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், ஆனால் அதை வாரக்கணக்கில் தொடர வேண்டும். எலி மருந்துக் கவரையும் கையோடு கொண்டுபோங்கள். தின்றது சிங்க் பாஸ்பைடு என்றால் வைட்டமின் கே1-ஆல் பயனில்லை, டாக்டர் வேறு வழிதான் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம், அதிக உப்பும் நாய்க்கு விஷம்தான்.

கூண்டில் வேலை அதிகம், மறுக்கவில்லை. எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். அதனால் முதல் சில இரவு கொக்கியை மாட்டாமல், தின்றுவிட்டுப் போகட்டும் என்று திறந்தே வைக்க வேண்டும். நடுக்கூடத்தில் வைத்தால் வராது, எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். மசால் வடையைவிட, சுட்ட தேங்காய்ச் சில்லைக் கம்பியில் இறுகக் குத்திவைத்தபோதுதான் எங்களுக்கு நன்றாக மாட்டியது. மாட்டினால் காலையில் முதல் வேலை அதுதான். கையுறை போட்டு எடுத்து, கூண்டை சோப்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரில் பரவுவது. நாய்க்கும் வரும், அதற்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

அடித்துக் கொல்லும் பொறியும் விஷமில்லாததுதான், ஆனால் பூனையின் பாதம் நுழைகிற இடத்தில் வைக்காதீர்கள். குடோன், கோழிப்பண்ணை மாதிரி எலி பெருகிக் கிடக்கும் இடத்துக்குக் கூண்டு மட்டும் போதுமா என்பதை என் வீட்டை வைத்துச் சொல்ல முடியாது. பெருச்சாளி வரும் வீடென்றால் கனமான கம்பியில் பெரிய கூண்டாக வாங்குங்கள், சாக்கடைக் குழாய் வாயில் வலையும் அடித்துவிடுங்கள்.