ஆர்க்-ஏஜிஐ 2 புதிர்த் தொகுப்பு: நல்ல அளவுகோல்தான், மதிப்பெண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும்

வழக்கறிஞர் தேர்வில் தேறிய மென்பொருள், மருத்துவத் தேர்வில் தேறிய மென்பொருள் என்று வரும் செய்திகளை வைத்து எதன் அறிவையும் எடைபோட முடியாது. பழைய வினாத்தாள்களும் விடைகளும் அது படித்த குவியலிலேயே கிடந்திருக்கலாம். இந்தச் சிக்கலுக்காகத்தான் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் பிரான்சுவா ஷோலே, இயந்திரத்தின் அறிவை அளக்க 2019-இல் ஆர்க் புதிர்களை வெளியிட்டார். எத்தனை வேலை தெரியும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு வேலையை எவ்வளவு குறைந்த முன்னறிவோடும் பயிற்சியோடும் பிடித்துக்கொள்ள முடிகிறது என்பதையே அறிவு என்றார். இங்கே மதிப்பிடுவது 2025 மார்ச்சில் வந்த இரண்டாம் பதிப்பு.

ஒவ்வொரு புதிரிலும் வண்ணக் கட்டங்கள் நிறைந்த பலகைகள் இணை இணையாக வரும். பெரும்பாலும் மூன்று இணைகள்; இடப்பக்கம் உள்ளது எந்த விதியால் வலப்பக்கமாக மாறியது என்று கண்டுபிடித்து, அதே விதியைப் புதிய பலகைக்குப் பொருத்தி விடையை நீங்களே வரைய வேண்டும். பலகை அதிகபட்சம் 30-க்கு 30, வண்ணங்கள் 10. மொழியோ பொது அறிவோ தேவையில்லை. பொருள் என்ற உணர்வு, எண்ணிக்கை, எளிய வடிவியல், நோக்கத்தோடு நகர்தல் ஆகியவை தெரிந்தால் போதும். உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கே மனிதக் குழந்தைகளிடம் ஆராய்ந்த அடிப்படை அறிவுதான் இது. மனிதருக்கு மட்டும் உரியதும் அல்ல: பிறந்து சில நாளே ஆன கோழிக்குஞ்சுகள், திரைகளுக்குப் பின்னால் மறைந்த உருண்டைகளில் எந்தப் பக்கம் அதிகம் என்று கணக்கு வைத்துக்கொண்டு அங்கே போவதை 2009-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பயிற்சிக்கு 1,000 புதிர்கள், மதிப்பீட்டுக்கு வெளிப்படையாக 120, இவை தவிர மறைத்து வைத்தவை இரண்டு கட்டு, தலா 120. வெளிப்படையானவை எல்லாம் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இலவசம். இந்தப் புதிர்களை நடத்தும் ஆர்க் பரிசு அமைப்பின் தளத்திலேயே விளையாடலாம். இணையம் இல்லாமல் பயன்படுத்த, கிட்ஹப்பில் முதல் பதிப்பின் கோப்புத் தொகுப்பில் உள்ள சோதனைப் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, புதிர் இருக்கும் ஜேசான் (JSON) கோப்பை ஏற்றினால் போதும். இரண்டாம் பதிப்பின் கோப்புகளும் அதே வடிவம்தான்.

முதலில் விடைப்பலகையின் அளவை நிர்ணயியுங்கள். விதி சரியாகப் பிடிபட்ட பிறகும் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அளவு மாறாத புதிரென்றால் உள்ளீட்டை அப்படியே நகலெடுத்துத் திருத்துவது வேகம். ஒரு கட்டம் பிசகினாலும் முழு விடையும் தவறு, பாதி மதிப்பெண் கிடையாது, வாய்ப்பு இரண்டே. அதனால் வரையத் தொடங்கும் முன் உங்கள் விதியை எல்லா இணைகளிலும் ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டில் ஒத்துவரும் விதி மூன்றாவதில் உடைவது அடிக்கடி நடக்கும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் சோதனைப் பக்கத்தில் கட்டங்களின் எண்களைக் காட்டும் பெட்டியை டிக் செய்துகொள்ளலாம்.

வடிவ வரிசையில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ரேவன் அணித் தேர்வு என்ற அறிவுத்திறன் சோதனையோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வசதி தெரியும். ரேவனின் பொதுப் பதிப்பில் 60 கேள்விகள், ஒவ்வொன்றிலும் ஆறு அல்லது எட்டு விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குருட்டாம்போக்கிலும் சில சரியாகும். இங்கே வெற்றுப் பலகையை நிரப்ப வேண்டியிருப்பதால் ஊகம் எடுபடாது. ஆனால் வயதுவாரி அளவீடு ரேவனுக்கு உண்டு, ஆர்க்குக்கு இல்லை. பிள்ளையின் ஐக்யூ தெரிய வேண்டும் என்று இதைக் கொடுப்பதில் பயனில்லை.

குறைகளில் முதலாவது, ஆர்க் பரிசுத் தளத்தின் மதிப்பெண் பட்டியலில் மனிதருக்கு எதிரே போட்டிருக்கும் 100 விழுக்காடு. மதிப்பீட்டுப் புதிர் ஒவ்வொன்றையும் குறைந்தது இருவர் இரண்டு முயற்சிக்குள் தீர்த்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். அது ஒரு குழுவின் எண். ஒரு தனி ஆள் எடுத்த மதிப்பெண் என்று படிக்கக் கூடாது. முதல் பதிப்பின் வெளிப்படை மதிப்பீட்டுப் புதிர்களை 2024-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொதுமக்களிடம் கொடுத்தபோது சராசரி 64 விழுக்காடுதான் வந்தது. இந்த எண்ணையும் பக்கத்தில் அச்சிட வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. நமக்கு அது படம். சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரிகளுக்கோ பெரும்பாலும் 0 முதல் 9 வரையான எண்களின் வரிசையாகத்தான் போகிறது. ஒரு செங்குத்துக் கோடு நம் கண்ணில் உடனே படும். எண் வரிசையில் அது பல இடங்களில் சிதறிக் கிடக்கும். விலங்கு ஆய்வில் இதே தவறு நடந்திருக்கிறது. கண்ணாடியில் தெரிவது தானே என்று விலங்குக்குப் புரிகிறதா என்று பார்க்க, உளவியலாளர் கார்டன் கேலப் 1970-இல் சிம்பன்சிகளுக்கு வைத்த கண்ணாடிச் சோதனையில் நாய்கள் தேறுவதில்லை. நாய்களை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2017-இல் கண்ணாடிக்குப் பதில் வாசனையை வைத்தார்: தன் சிறுநீரில் வேறு மணம் கலந்திருந்தால் நாய்கள் அதை அதிக நேரம் மோந்து பார்த்தன. ஆர்க்கில் தோற்கும் இயந்திரத்துக்கு விதி பிடிபடவில்லையா, பலகையே சரியாகத் தெரியவில்லையா என்பதை மதிப்பெண் சொல்லாது.

இயந்திரத்தை ஓட்ட ஆகும் செலவைப் புதிர்வாரியாக மதிப்பெண்ணோடு சேர்த்துப் போடுவது இந்தப் பதிப்பின் மிகச் சிறந்த முடிவு. 2024 டிசம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஓ3 என்ற மொழி மாதிரி, ஆர்க் முதல் பதிப்பில் 75.7 விழுக்காடு எடுத்தது. அது 87.5 ஆக உயர 172 மடங்கு கணினி வேலை தேவைப்பட்டது. பின்னர் பொதுமக்களுக்கு வெளியான ஓ3, இரண்டாம் பதிப்பில் 10 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. முதல் பதிப்பில் பல புதிர்கள், சாத்தியமான விதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் கண்மூடித்தனமான தேடலுக்கே வழிவிட்டன. இரண்டாவதில் அந்த வகையை முடிந்தவரை களைந்திருக்கிறார்கள்.

வகுப்பில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் முதல் பதிப்பின் 400 பயிற்சிப் புதிர்களிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் பதிப்பின் மதிப்பீட்டுப் புதிர்களில் இரண்டு மூன்று விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும். பெரியவர்களுக்கே பல நிமிடம் பிடிக்கும்.