ஹட்டன் ஸ்மார்ட்போன் வகுப்பு: அம்மாவை நாலு ஞாயிறு கூட்டிப்போனேன்

நோர்வூட்டில் ஒரு கொமினிக்கேஷன் கடையில் ஆறு வருசமாக நிற்கிறேன். ரீலோட் போட வரும் பெரியவர்கள் போனை நீட்டி, "இத கொஞ்சம் பாரு புள்ள" என்பார்கள். வாங்கி, நாலு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வீட்டில் அம்மாவுக்கும் அதேதான். நாற்பது வருசம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். கட்டாரில் இருக்கும் தம்பி போன் அனுப்பி ஒரு வருசமாகியும், வருகிற கோலை எடுக்க மட்டும்தான் தெரியும்.

ஹட்டன் டவுனில் பெரியவர்களுக்கு ஞாயிறு காலை வகுப்பு என்று கேள்விப்பட்டதும் சேர்த்துவிட்டேன். நாலு வகுப்புக்கு 1,500 ரூபாய். தேத்தண்ணியும் மாலு பணிசும் அதற்குள் அடக்கம்.

சொல்லிக்கொடுப்பது ஒரு தோட்டத்துப் பிள்ளை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறாள், யார் போனையும் வாங்குவதில்லை. பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அம்மா எதைத் தொட்டாலும் அழுத்திப் பிடித்துவிடுவார். வாட்ஸ்அப் இடம் மாறிப் போகும், ஒருமுறை காணாமலே போய்விட்டது. நான் சத்தம் போடுவேன். அந்தப் பிள்ளை, "அம்மாயி, ரொட்டிக்கல்லு சூடாயிருச்சான்னு தொட்டுப் பாப்பீங்கல்ல? அப்படித் தொட்டுட்டு எடுங்க" என்றாள். அம்மா தொட்டுவிட்டு எடுத்தார். வாட்ஸ்அப் திறந்தது.

இன்னொரு விசயம், காய்த்துப்போன விரல். விரல் படும்போது திரையில் இருக்கும் சின்ன மின்னூட்டம் மாறும். அதை வைத்துத்தான் போன் தொட்டதை அறிகிறது. தோல் தடித்து வறண்டிருந்தால் சில நேரம் அது எட்டாது. அதற்காக மேசையில் ஒரு ஈரத்துணி வைத்திருந்தாள், விரலை ஒற்றிக்கொள்ள. "போன் பழுது" என்று என் கடைக்கு வந்த பல பேருக்கு இதுதான் நடந்திருக்கும். நான் விற்ற தடித்த டெம்பர்ட் கிளாசுக்கும் அதில் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது வாரம் ஓ.டி.பி., அதாவது வங்கி போனுக்கு அனுப்பும் ஒருதடவை இரகசிய எண். 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது, கணக்கு இருந்தால் ஏமாற்றுக் கோலும் வரும். "ஓ.டி.பி.ங்கிறது கைநாட்டு. வெத்துத் தாள்ல கைநாட்டு வைப்பீங்களா?" என்று கேட்டாள். பின் வரிசைத் தாத்தா ஒருவர், "வச்சிருக்கேனே, அந்தக் காலத்துல" என்றார். அறையே சிரித்தது, ஆனால் யாருக்கும் அது மறக்காது.

மூன்றாவது வாரம் சுத்த வீண். மூன்று மணித்தியாலமும் ஈமெயில் திறக்கவே போனது. அம்மாவுக்கு ஈமெயில் எதற்கு? பாஸ்வேர்டைப் பகலுக்குள் மறந்தாயிற்று. கொடுத்த தாளில் 'அமைப்புகளுக்குச் செல்லவும்' என்று இருக்கிறது, போனோ ஆங்கிலத்தில் இருக்கிறது. டீச்சர் பிள்ளைதான் "பல்சக்கரப் படத்தத் தேடுங்க" என்று சமாளித்தாள்.

எனக்கு உண்மையான கோபம் வேறு. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலைநாட்டில் மண் சரிந்ததை எல்லோரும் பார்த்தோம். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலேயும் செங்குத்தான மண்மேடுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை நிறம் பிரித்து விடுகிறது: மஞ்சள் என்றால் கவனமாக இரு, செம்மஞ்சள் என்றால் கிளம்பத் தயாராகு, சிவப்பு என்றால் கிளம்பு. இதை எங்கே பார்ப்பது, எப்படிப் படிப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. நடத்துகிறவரிடம் கேட்டேன், பாடத்திட்டத்தில் இல்லையாம். சரி, ஈமெயில் மட்டும் எப்படி வந்தது?

கடைசி வாரம் குரலால் எழுதுவது. அம்மா "பெரட்டுக்களம்" (காலையில் தோட்டத்து ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடம்) என்றால் போன் வேறு என்னவோ எழுதியது. அப்புறம் வொய்ஸ் மெசேஜுக்குப் போனார்கள். இப்போது தேயிலை ஸ்டோர் வளைவில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று தம்பிக்குத் தானே அனுப்புகிறார். முதலாவது 52 செக்கன், அதில் பாதி "பதியுதா, பதியுதா?" என்பதுதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அதில் மூன்று அந்தப் பிள்ளைக்கு. வகுப்பு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லை, முழங்கால் வலிக்காரர்களுக்குக் கஷ்டம். பிளக் பொயின்டும் ஒன்றுதான், வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு போங்கள்.