பாவித்த ஜெபெல் 200: யாழ்ப்பாணத்து உப்புக்கும் மணலுக்கும் ஏற்றபடி மாற்றி ஓட்டிய அனுபவம்

மண் பாதையிலும் ரோட்டிலும் ஓடக்கூடிய ட்ரெயில் பைக் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் யாழ்ப்பாணத்தில் முதலில் வருகிற கேள்வி "எத்தனை சிசி?" என்பதுதான். எங்களிடம் மலை இல்லை. இருப்பது மணல், செம்மண், சுண்ணாம்புக்கல், மாரியில் வெள்ளம், எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு. அதனால் பழைய பைக் ஒன்றை எடுத்துக் காசு போடுவதென்றால் அந்தக் காசு உப்பைத் தடுக்கிற வேலைக்குத்தான் முதலில் போக வேண்டும், வலுவைக் கூட்டுகிற வேலைக்கு அல்ல. சுசுகி ஜெபெல் 200 ஒன்றை 2019 இல் வாங்கி இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஏன் ஜெபெல்? யமஹா செரோவும் ஹொண்டா பஹா 250 உம் அப்போது விற்பனைக்குக் கிடைத்தன. பஹா நல்ல பைக், ஆனால் எனக்கு உயரம் கூட. மணலில் பைக் சரியும்போது கால் முழுதாக நிலத்தில் பட வேண்டும், அது எனக்கு இஞ்சின் வலுவை விட முக்கியம். ஜெபெலின் சீற் 810 மில்லிமீற்றர்தான், காற்றில் குளிரும் 199 சிசி இஞ்சின், ஐந்து கியர், முன்னுக்கு 21 அங்குலச் சில்லு, பின்னுக்கு 18. பெற்றோல் ராங்க் 13 லீற்றர் பிடிக்கும், பூநகரிப் பக்கம் போய் வர இது பெரிய நிம்மதி. செரோவும் அதே உயரம்தான், ஆனால் நான் பார்த்தவற்றின் ராங்க் சிறிது.

வாங்கும்போது இஞ்சின் சத்தத்தை எல்லோரும் கேட்பார்கள். நான் கூட்டிப்போன கராஜ் அண்ணை இஞ்சினுக்குப் பக்கத்திலேயே நிற்கவில்லை, நேராகக் குனிந்து பின் சில்லைத் தாங்குகிற ஸ்விங் ஆமுக்குக் கீழே ரோச் அடித்துப் பார்த்தார். "தம்பி, இஞ்சினை எப்பவும் செய்யலாம். சட்டம் உக்கினால் ஒண்டும் செய்யேலாது" என்றார். சட்டத்தின், அதாவது பைக் பிரேமின், கீழ்க் குழாயை ஸ்குரூட்ரைவர் பிடியால் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போனார், சத்தம் எங்கேயாவது மந்தமானால் உள்ளே உக்கியிருக்கிறது என்று அர்த்தமாம். பிறகு ராங்க் மூடியைத் திறந்து உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்தார், முன் சில்லைத் தூக்கி ஹான்டிலை மெதுவாகத் திருப்பி நடுவில் எங்காவது தடக்குகிறதா என்று பார்த்தார், ஸ்போக் நிப்பிள்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். சிஆர் என்கிற வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள இஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பைக்கில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்பதை நீங்களே ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பாருங்கள், விற்பவர் வாசித்துக் காட்ட விட வேண்டாம்.

முதல் வேலையாக ஸ்விங் ஆமையும் அதைப் பின் சொக் அப்சோபரோடு இணைக்கிற லிங்கேஜையும் முழுதாகக் கழற்றினோம். பெயாரிங்குகளில் கிறீஸ் என்று ஒன்றுமே இல்லை, சிவப்புத் தூள்தான் கொட்டியது. எல்லாம் புதிதாகப் போட்டு, தண்ணீருக்குக் கரையாத கிறீஸ் நிரப்பினோம். வயர் இணைப்புகள் ஒவ்வொன்றையும் பிரித்துச் சுத்தம் செய்து, முன் ஓனர் முறுக்கி ரேப் சுற்றியிருந்த இடங்களை ஈயம் பற்றவைத்து மூடினோம். என் பைக்கில் கிக்கர் இல்லை, ஸ்ராட்டரை மட்டும் நம்ப வேண்டும், ஆகவே பற்றறி முனையில் பச்சை பூத்தால் சுண்டிக்குளத்தில் தனியாக நின்று தள்ள வேண்டியதுதான். கார்பரேற்றரைத் திறந்து ஜெற் எல்லாம் ஊதி, உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை வெளிச்சத்துக்குப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தோம். அதில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் அக்ஸிலேற்றரைத் திருகும்போது பைக் இழுக்காது, இஞ்சின் போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

பாகங்கள் பெரும்பாலும் கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தவை. அமெரிக்காவில் டிஆர் 200 என்று விற்ற பைக்கும் இதே குடும்பம்தான், இஞ்சின் பாகங்கள் பல அதிலிருந்தும் பொருந்தும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய ட்ரெயில் பைக்குகளின் விலை ஏறியதோடு, நல்ல பாகம் கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது.

மாற்றங்களில் நான் அடித்துச் சொல்லக்கூடியது செயின் ஓடுகிற முன் பற்சக்கரத்தில், அதாவது ஸ்பொக்கெற்றில், ஒரு பல்லைக் குறைத்ததுதான். பின்னுக்கு மூன்று பல் கூட்டுவதும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் செலவு மிகக் குறைவு. மணற்காட்டுப் பக்கம் சவுக்கங்காட்டு ஒழுங்கைகளில் முன்பு முதல் கியரில் கிளச்சைப் பிடித்துப் பிடித்து விட்ட இடங்களில் இப்போது இரண்டாவது கியரில் ஒரே சீராகப் போகிறது. ஏ9 நெடுஞ்சாலையில் 80க்கு மேல் போனால் இஞ்சின் கத்தும், அது உண்மை. எனக்கு அந்த வேகம் தேவையில்லை. ஸ்பீடோ மீற்றர் முன் சில்லிலிருந்து வேலை செய்வதால் காட்டுகிற வேகமும் மாறாது.

ரயர் விஷயத்தில் நிறையப் பேரோடு வாதாடியிருக்கிறேன். மண்ணுக்கென்றே பெரிய கட்டைகள் வைத்த முழுக் கட்டை ரயர் பார்க்க அழகு, ஆனால் நாங்கள் ஓடுகிற தூரத்தில் பாதிக்கு மேல் தார் ரோட்டு, மழையில் அது வழுக்கும், கெதியாகத் தேயும். பாதி ரோட்டு பாதி மண் ரயர் போதும். மணலில் வித்தியாசம் செய்வது காற்றழுத்தம்தான். தாளையடி தாண்டி மண் ரோட்டில் இறங்கும்போது 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவேன், தாருக்கு ஏறியதும் கைப்பம்பால் திரும்ப அடிப்பேன். அதற்கும் கீழே இறக்கினால் ரிம்முக்குள் ரயர் நழுவி ரியூப்பின் வால்வைப் பிய்த்துவிடும், அதனால் வால்வு நேராக நிற்கிறதா என்று அடிக்கடி பாருங்கள், சரிந்திருந்தால் உடனே காற்றை விட்டு நேராக்குங்கள். இன்னொன்று, மணல் மேடுகளில் ஏறி ஓட்டாதீர்கள். அந்த மேடும் அதில் படர்ந்திருக்கும் கொடியும்தான் கரையோரத்து ஊர்களைக் கடலிடமிருந்து காக்கிறது. கரையில் வலை காயவைக்கிற இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இஞ்சினுக்குக் கீழே அலுமினியத் தகடு ஒன்று லேத் பட்டறையில் செய்து போட்டேன். நெடுந்தீவின் கல் ரோட்டுக்கு அது அவசியம். ஆனால் அலுமினியத்தில் இரும்பு போல்ற் போட்டால் உப்புக்காற்றில் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். போல்ற் ஒவ்வொன்றுக்கும் கிறீஸ் பூசி, ஒயில் மாற்றும்போதெல்லாம் கழற்றி மாட்டுகிறேன். தகட்டுக்கு உள்ளே தேங்குகிற ஈரமணலையும் அப்போதே வழித்துவிடலாம்.

சைலன்சரைத் தொடவே இல்லை. ஒழுங்கைக்குள் விடியற்காலையில் பைக் எடுக்கிறவர்கள் நாங்கள், பக்கத்து வீட்டில் குழந்தையும் நோயாளியும் இருக்கும். தவிர, சத்தம் கூடினால் பொலிஸ் மறிப்பதும் கூடும்.

கழுவுகிற தண்ணீர்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிற விஷயம். கடற்கரையில் ஓடிவிட்டு வந்து உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசுகிறோம். எங்கள் வீட்டுக் கிணறு உவர், அதனால் நல்ல தண்ணீர் உள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் கழுவுகிறேன். சிலர் டீசலும் பழைய ஒயிலும் கலந்து முழு பைக்குக்கும் அடிப்பார்கள். சட்டத்துக்குப் பரவாயில்லை, ரப்பரில் பட்டால் அது ஊதிப்போகும், பிறேக்கில் பட்டால் ஆபத்து. செயினுக்குத் துடைத்துவிட்டு 90 கியர் ஒயில் கொஞ்சம் போதும், அதிகம் விட்டால் மணல் ஒட்டி அரைக்கும்.

பெற்றோல் லீற்றருக்கு 35 கிலோமீற்றர் வரை தருகிறது, மணலில் இறங்கினால் 30க்கு வரும். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றபோது, அந்த நாலு லீற்றரில் வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வர முடிந்தது. பெரிய இஞ்சின் எடுக்காததன் அருமை அப்போது நன்றாகவே விளங்கியது.

குறை என்றால் பின் சொக் அப்சோபர். தனியாகப் போனால் தெரியாது, பின்னால் ஆள் இருந்தால் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி வரும் ரோட்டில் குதித்துக்கொண்டே போகும். ஸ்பிரிங்கை இறுக்கியும் பார்த்தாயிற்று, உள்ளே ஒயில் போய்விட்டது. கொழும்பில் திறந்து ஒயிலும் வாயுவும் நிரப்பித் தருகிற ஒரு பட்டறையில் கதைத்திருக்கிறேன், மாரி தொடங்க முன் கழற்றி பஸ்ஸில் அனுப்ப வேண்டும்.