ரொமேரோவின் இரண்டு ஜாம்பி படங்கள்: பண்ணை வீடா, ஷாப்பிங் மாலா?

அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968), 'டான் ஆஃப் தி டெட்' (1978) இரண்டிலும் பிணங்கள்தான் துரத்துகின்றன. ஆனால் சமூகத்தின் மீது குத்து விழுவது வேறு வேறு இடத்தில்.

முதல் படத்தில் பண்ணை வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள், யார் சொல்வதை யார் கேட்பது என்று அடித்துக்கொள்கிறார்கள். நாயகன் பென்னாக நடித்தவர் கறுப்பினத்தவரான டுவேன் ஜோன்ஸ். இரவு முழுக்கத் தாக்குப்பிடித்த பென்னை, விடிந்ததும் ஜாம்பி வேட்டைக்கு வந்த வெள்ளையர் கூட்டம் சுட்டுவிடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில் வந்த படம் இது! நிறம் பார்த்து ஜோன்ஸைத் தேர்வு செய்யவில்லை என்று ரொமேரோ சொல்லியிருக்கிறார். இருக்கட்டும், இனவெறி பற்றி ஒரு வசனம்கூட இல்லாமல் அந்த முடிவு நெஞ்சை அடைக்கிறது. என் ஓட்டு இதற்கே.

இரண்டாவதில், செத்த பிறகும் பழக்கதோஷத்தில் மாலுக்கே வருகிறது கூட்டம். நுகர்வுவெறி மீதான கிண்டல், கொஞ்சம் சத்தமாகவே. சரி, சிரிப்பு வருகிறது. ஆனால் எனக்குப் பிடித்தது வேறு: எல்லாக் கடையும் சொந்தமான பிறகு, மாலுக்குள் தஞ்சம் புகுந்து உயிரோடு இருப்பவர்களுக்கு வரும் அந்தச் சலிப்பு.