8 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப்: மோதிக்கிற கேலக்ஸி பாக்க வாங்கலாமா?

நிலா, சனி வளையம் பாக்கறதுக்கு எந்த டெலஸ்கோப்பும் போதும், அதுக்கு ரிவ்யூ நெறைய இருக்கு. நான் இத வாங்குனதே ஒண்ண ஒண்ணு இழுத்து உருக்கொலைச்சிட்டு இருக்கற கேலக்ஸி ஜோடிங்களுக்காகத்தான், அதனால அத மட்டும் வச்சு சொல்றேன்.

203 மிமீ கண்ணாடி, 1200 மிமீ ஃபோகல் லென்த், பலகை ஸ்டாண்டு, மோட்டார் கெடையாது, கையாலதான் தள்ளணும். இருட்டுல நல்லா விரிஞ்ச கண்ணுப்பாவைய விட 800 மடங்குக்கு மேல வெளிச்சம் சேக்கும், மங்கலான சமாச்சாரத்துக்கு இதுதாங்க முக்கியம், உருப்பெருக்கம் இல்ல.

எம் 51ங்கற சுருள் கேலக்ஸி ஜோடி சப்தரிஷி மண்டலத்து வால் நுனில இருக்கற மரீசிலருந்து கொஞ்சம் தள்ளி இருக்கு. கூடவே வர்ற 25 மிமீ ஐபீஸ்ல (கண்ண வச்சு பாக்கற லென்ஸு), அதாவது 48 மடங்குல, பெருசும் சிறுசுமா ரெண்டு பொட்டு ஒட்டுனாப்ல தெரியும், அந்த சிறுசுதான் என்ஜிசி 5195. 1845ல அயர்லாந்து வானியலாளர் லார்ட் ராஸ் இதோட சுருள் கைய பாத்தது 72 இன்ச் கண்ணாடில, நமக்கு 8 இன்ச்ல நல்ல இருட்டுல ஒரு சாயல் கெடைக்கும், அவ்ளோதான், போட்டோல பாத்தத எதிர்பாக்காதீங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது ஆன்டெனா கேலக்ஸிங்க, என்ஜிசி 4038, 4039. ஹஸ்த நட்சத்திரத்துக்கு கொஞ்சம் மேற்க. லண்டன்ல இது 20 டிகிரி உயரம் கூட ஏறாது, நம்ம தர்மபுரில கிட்டத்தட்ட 59 டிகிரிக்கு வந்து நிக்குது! பங்குனி அமாவாசை பக்கம் நடுராத்திரில பாருங்க. நேரா மொறைக்காம கொஞ்சம் ஓரக்கண்ணால பாத்தா, சுருண்ட இறால் மாதிரி ஒரு மங்கல் உருவம் மெல்ல எழும்பி வரும், அது ரெண்டு கேலக்ஸி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய்ட்டு இருக்கறதுன்னு தெரிஞ்சு பாக்கறப்ப ஒடம்பே சிலிர்க்குதுங்க. இதோட நீளமான ரெண்டு வால் இந்த சைஸ் டெலஸ்கோப்ல தெரியாது. அந்த வால் வெறும் ஈர்ப்பு விசையாலயே வரும்னு 1972ல டூம்ரேங்கற ஆராய்ச்சியாளர் சகோதரர்கள் கம்ப்யூட்டர்ல போட்டு காட்டுனாங்க. சிம்ம ராசில எம் 65, எம் 66, என்ஜிசி 3628னு மூணு கேலக்ஸியும் ஒரே பார்வைல அடங்கும், அதுவும் அருமை.

கொறைன்னா, வானத்துல எடத்த தேடிப் புடிக்க கூட வர்ற ஃபைண்டர் சுமார், 10 மிமீ ஐபீஸ் ஓரமெல்லாம் கலங்குது. மலை ரோட்டுல குலுங்கி போனா கண்ணாடி அலைன்மென்ட் நகந்துரும், ஒவ்வொரு தடவயும் சரி பண்ணித்தான் ஆகணும். டியூப் 1.2 மீட்டர் இருக்கு, கார் பின்சீட்டு முழுசா அதுக்குத்தான்.

டவுனுக்குள்ள வச்சு பாக்கறதுக்குன்னா இத வாங்காதீங்க, கேலக்ஸி எதுவும் உருப்படியா தெரியாது. தர்மபுரி பக்கத்துல இருக்கற வத்தல்மலை மேல போனா தெற்க சேலம் வெளிச்சம், வடமேற்க ஓசூர், பெங்களூரு வெளிச்சம் அடிவானத்தோட நிக்கும், தலைக்கு மேல நல்லா இருட்டு. எம் 51 அந்த வடமேற்கு பக்கம் சாயறதுக்குள்ள பாத்துருங்க. அஞ்செட்டி இன்னும் இருட்டு, ஆனா யானை நடமாட்டம் இருக்கற எடம், தனியா போகவே போகாதீங்க.

காசு மிச்சம் இருந்தா மோட்டார் வச்ச மாடலுக்கு போகாம, 15 மிமீ பக்கத்துல நல்ல ஐபீஸ் ஒண்ணு வாங்குங்க, 80 மடங்கு வரும், ஆன்டெனாவுக்கு அது கச்சிதம்.