அனெக்சினா, சினாப்டோடாக்மினா: சவ்வை இணைப்பது யார்?

கால்சியம் வந்ததும் செல் சவ்வில் போய் ஒட்டும் புரதங்கள் என்றால் இந்த இரண்டு குடும்பங்களும்தான் முதலில் நினைவுக்கு வரும். பலரும் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சவ்வில் ஒட்டுவது வேறு, இரண்டு சவ்வுகளை ஒன்றாக்குவது வேறு.

முதலில் அனெக்சின். மனிதரில் 12 வகை உண்டு. சுமார் 70 அமினோ அமிலம் கொண்ட துண்டு நான்கு முறை திரும்பத் திரும்ப வந்து, லேசாக வளைந்த வட்டு போல மடிந்திருக்கும் (ஆறாவது அனெக்சினில் மட்டும் எட்டு முறை). வட்டின் புடைத்த பக்கம் சவ்வைப் பார்த்திருக்கும். அங்கே உட்காரும் கால்சியம்தான் புரதத்துக்கும், சவ்விலுள்ள பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்புக்கும் நடுவே பாலம். கால்சியத்தை எடுத்துவிட்டால் பிடி விட்டுப்போகும். இறக்கும் செல்களை அடையாளம் காண ஒளிரும் அனெக்சின் 5 சேர்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: கழுவும் கரைசலில் இ.டி.டி.ஏ. கலந்திருந்தால், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். செல் செத்துக்கொண்டிருந்தாலும் ஒளிராது.

சரி, அது இணைக்குமா? 1978-இல் சினெக்சின் (இன்றைய பெயர் அனெக்சின் 7) கண்டறியப்பட்டபோது, அட்ரினல் சுரப்பியின் குரோமாஃபின் துகள்கள் (ஹார்மோன் அடைத்த சவ்வுப் பைகள்) கால்சியத்தோடு சேர்ந்து கொத்துக்கொத்தாகத் திரண்டன. ஆனால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று கலக்க அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமும் தேவைப்பட்டது. அதாவது அனெக்சின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது, அவ்வளவுதான்.

சினாப்டோடாக்மின் 1 வேறு ரகம். அதன் ஒரு முனை, நரம்பு முனையில் வேதிச் செய்தியைச் சுமக்கும் பையின் சவ்விலேயே பதிந்திருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சி2 எனப்படும் இரண்டு பகுதிகளில் ஒன்று மூன்று கால்சியம் அயனிகளையும் மற்றது இரண்டையும் பிடிக்கும். பிடித்ததும் அவற்றின் நுனி வளையங்கள் எதிர்ச்சவ்வுக்குள் இறங்கும். இதெல்லாம் ஒரு மில்லி நொடிக்குள்.

ஆனாலும் சவ்வுகளை இழுத்து இணைக்கும் உழைப்பு ஸ்னேர் என்ற வேறொரு புரதக் கூட்டத்துடையது. 1994-இல் சினாப்டோடாக்மின் 1 இல்லாத எலிகள் உருவாக்கப்பட்டன. பிறந்து இரண்டு நாளுக்குள் இறந்தன. அவற்றின் நரம்புகளில் வேதிச் செய்தியின் உடனடி வெளியீடு போய்விட்டது, மெதுவான வெளியீடு மட்டும் மிஞ்சியது. இணைப்பு நடக்கிறது, ஆனால் நேரம் தவறி நடக்கிறது. அப்புறம் 2001-இல், ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிக் கால்சியப் பிடிப்பைப் பாதியாக்கினார்கள். வெளியீட்டு வாய்ப்பும் ஏறத்தாழப் பாதியானது. கால்சியத்தை உணர்வது இந்தப் புரதம்தான் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே இந்த இரண்டில் இணைப்பை நடத்திவைப்பது எது என்ற கேள்வியில் என் ஓட்டு சினாப்டோடாக்மினுக்கே.

சவ்வு கிழிந்த இடத்தில் கதை மாறும். செல்லுக்குள் வழக்கமாக 0.1 மைக்ரோமோலார் அளவே கால்சியம் இருக்கும். வெளியே அதைப்போல் 10,000 மடங்குக்கு மேல். கிழிசல் வழியே அது பாயும்போது அனெக்சின் 5 ஓரத்தில் பாய் விரித்தாற்போல் அடுக்கி, கிழிசல் மேலும் பெரிதாகாமல் காக்கிறது. தசையில் டிஸ்ஃபெர்லினும் வேண்டும். இது சி2 பகுதிகள் ஏழு கொண்ட பெரிய புரதம். அது இல்லாத எலித் தசைநாரை லேசரால் காயப்படுத்தி 2003-இல் பார்த்தார்கள். சாதாரண நாரில் கிழிசல் மூடி, வெளியே விட்ட சாயம் உள்ளே போவது சீக்கிரமே நின்றது; இந்த நாரில் அது நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது.